பிஎச்சி வேலையிலிருந்து பிஜி: பணம், சான்றிதழ், படிப்பு

எம்பிபிஎஸ் முடித்துவிட்டு, பிஜிக்கு (முதுகலை மருத்துவப் படிப்புக்கு) வீட்டில் உட்கார்ந்து படிப்பதா, இல்லை அரசு மருத்துவர்களைத் தேர்ந்தெடுக்கும் எம்ஆர்பி வாரியத்தின் தேர்வை எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பிஎச்சி) சேர்வதா என்று குழம்பிக்கொண்டிருக்கும் ஜூனியர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இரண்டாவது வழியில் போனவள். ஜவ்வாது மலையில் ஒரு சின்ன பிஎச்சியில் மூன்று வருடம் இருந்துவிட்டுத்தான் மகப்பேறு மருத்துவம் படிக்கப் போனேன்.

முதலில் பணம், எங்கள் வீட்டில் அதுதான் முதல் கேள்வி. தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் வாங்க அப்பா இருந்த ஒரு ஏக்கரையும் விற்கத் தயாராக இருந்தார். விற்றிருந்தாலும் போதாது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கான சர்வீஸ் ஒதுக்கீட்டில் அரசுக் கல்லூரிக்குப் போனால் கட்டணம் கட்டக்கூடிய அளவில்தான் இருக்கும், படிக்கிற மூன்று வருடமும் சம்பளம் வந்துகொண்டிருக்கும். தம்பியின் படிப்பும் அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது.

அரசுக் கல்லூரி பிஜி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மாநிலத்துக்கு மிஞ்சுவதில் 50 சதவீதம் அரசு மருத்துவர்களுக்கு. இது இடையில் நின்றுபோய், 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு மாநிலங்களுக்கு இந்த அதிகாரம் உண்டு என்று சொன்ன பிறகு திரும்ப வந்தது. இதைக் கொண்டாடியவர்கள் பலரும் அதே தீர்ப்பின் இன்னொரு பகுதியைப் படிக்கவில்லை: இப்படிப் படித்து முடிப்பவர்கள் கிராமம், மலை, பழங்குடிப் பகுதிகளில் குறைந்தது 5 வருடம் வேலை பார்க்க வேண்டும், அதற்கு மாநிலங்கள் பத்திரம் எழுதி வாங்க வேண்டும். எனக்கு அது சரியாகவே படுகிறது. மக்கள் பணத்தில் படிக்கிறோம், எந்த மக்களைக் காட்டி அந்த இடத்தை வாங்கினோமோ அவர்களிடம் திரும்பிப் போகத்தானே வேண்டும்.

ஊக்க மதிப்பெண் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தொலைதூர, சிரமமான பகுதிகளில் பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் பிஜி நுழைவுத் தேர்வான நீட்டில் எடுத்த மதிப்பெண்ணில் 10 சதவீதம் வரை, மொத்தம் 30 சதவீதத்துக்கு மேல் போகாமல் சேர்த்துக்கொடுக்க விதியில் இடமிருக்கிறது. 400 எடுத்தவருக்கு உச்சமாக 520 ஆகும், இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்த ஊர் எந்த வகையில் வருகிறது, குறைந்தபட்சப் பணிக்காலம் எவ்வளவு, எந்தப் பிரிவுகளுக்கு ஒதுக்கீடு என்பதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். சீனியர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பாமல் அந்த வருட பிஜி சேர்க்கை விளக்கக் குறிப்பேட்டை வரி வரியாகப் படியுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் நான் பட்ட பாடு நீங்கள் படக்கூடாது. என் பணிப் பதிவேட்டில் ஒரு மாதம் டெபுடேஷனில் (தற்காலிக மாற்றுப் பணியில்) வேறு ஊருக்குப் போனது ஏறியிருந்தது, திரும்பி வந்தது ஏறவில்லை. கலந்தாய்வுக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் அது தெரிந்தது, மலையிலிருந்து இறங்கி மாவட்ட அலுவலகத்துக்கு மூன்று தடவை பஸ்ஸில் அலைந்தேன். சேர்ந்த நாளிலிருந்தே பணியேற்பு, விடுவிப்பு, விடுப்பு ஆணைகளுக்கு ஒரு ஃபைல் போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிவேட்டை நேரில் பாருங்கள், தடையின்மைச் சான்றுக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள்.

அப்புறம் படிப்பு. எனக்கு ஏப்ரல் 18-க்கு இருந்த நீட் தேர்வு கொரோனாவால் 2021 செப்டம்பர் 11-க்குத் தள்ளிப்போனது, அந்த இடைவெளி முழுக்கத் தடுப்பூசி முகாம்தான். தினமும் எட்டு மணிநேரம் படிப்பேன் என்று திட்டம் போட்டால் இரண்டாம் வாரமே உடைந்துவிடும். நான் காலை நாலரையிலிருந்து ஆறரை வரை மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டேன், மீதியை ஓபியோடு சேர்த்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வருவார்கள், அன்று இரவு மகப்பேறு கேள்விகள். புதன் தடுப்பூசி நாள், அன்று குழந்தை மருத்துவமும் சமூக மருத்துவமும். ஒரு ராத்திரி கண்ணாடி விரியன் கடித்து ஒருவரைத் தூக்கிவந்தார்கள். கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்த்தோம், உறையவே இல்லை. விஷமுறிவு மருந்தை ஏற்றி 108-ல் அனுப்பினோம். பாம்புக்கடிக் கேள்வி எதுவும் அதற்குப் பிறகு எனக்குத் தப்பியதில்லை.

நாங்கள் எழுதியபோது 200 கேள்விகளுக்குள்ளும் முன்னும் பின்னும் போகலாம். 2024-லிருந்து 40 கேள்விகளாக ஐந்து பகுதி, ஒவ்வொன்றுக்கும் 42 நிமிடம், முடிந்த பகுதிக்குத் திரும்ப முடியாது. அதனால் மாதிரித் தேர்வையும் அப்படியே 42 நிமிடத் துண்டுகளாக எழுதிப் பழகுங்கள்.

ஒன்றை மட்டும் அரசு இன்னும் யோசிக்க வேண்டும். நான் படிக்கப் போனதும் என் இடம் பல மாதம் காலியாகவே கிடந்தது, கூட இருந்த டாக்டர் ஒருவரே இரண்டு பேர் வேலையையும் பார்த்தார். சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்றுதான் பிஎச்சிக்குக் கணக்கு, மலையில் அதற்கு அடுத்த டாக்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். படிக்கப் போகிறவருக்குச் சம்பளம் கொடுக்கிற அதே ஆணையில், அவர் இடத்துக்கு வருகிறவருக்கும் சம்பளம் ஒதுக்கப்பட வேண்டும். சங்கக் கூட்டத்தில் நான் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், நீங்களும் சேர்ந்ததும் கேளுங்கள்.

நான் இப்போது மலையடிவாரத்தில் ஒரு தாலுகா மருத்துவமனையில் இருக்கிறேன். பழைய பிஎச்சியிலிருந்து சிக்கலான பிரசவங்களை இங்கேதான் அனுப்புகிறார்கள், போன் வந்ததும் அந்த செவிலியரின் குரல் எனக்கு அடையாளம் தெரிந்துவிடுகிறது.