புள்ளி வெளியே போன முக்கோணம்

பாடத்தோடு கணினியைச் சேர்த்து நடத்த ஐந்து நாள் பயிற்சி என்று பட்டியலில் என் பெயர் வந்தபோது, வீட்டில் சிரித்தார்கள். போனில் படம் அனுப்பவே பையனைக் கூப்பிடுகிற ஆள் நான். குடியாத்தம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், வயது 51. அதுவும் மே மாதம், வேலூர் வெயில்.

முதல் இரண்டு நாளும் வீண் என்றுதான் சொல்வேன். கோப்பைத் திற, சேமி, ஸ்லைடுக்கு நிறம் கொடு. பாடத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. சமூக அறிவியல் சார் ஒருவர் 1806 வேலூர்ப் புரட்சிக்கு 42 ஸ்லைடு செய்துவிட்டார். பஸ் ஏறினால் கோட்டையையே காட்டிவிடலாமே சார் என்றேன். முறைத்தார்.

எனக்கு வேறு தலைவலி. பல வருஷமாக வினாத்தாள் அடிப்பது பாமினி என்ற எழுத்துருவில். பென்டிரைவைச் செருகித் திறந்தால் தமிழைக் காணோம், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. அந்த சிஸ்டத்தில் அந்த எழுத்துரு இல்லையாம். யூனிகோடில் அடித்தால் எங்கே திறந்தாலும் தமிழாகவே இருக்கும் என்று தமிழ்99 விசைப்பலகையைக் காட்டினார்கள். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு. நடுவில் புள்ளி தானே விழுகிறது. மதியம் முழுக்க அதிலேயே போனது. உருப்படியாகக் கழிந்த மதியம்.

மூன்றாம் நாள் வந்த கருத்தாளர் அம்மா கணினியைப் போடவே இல்லை. "உங்க பாடத்துல பசங்க எங்க தடுக்கி விழறாங்க? அதை மட்டும் சொல்லுங்க. மத்ததுக்குக் கரும்பலகை போதும்" என்றார்.

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு, சுற்றுவட்ட மையம், அதாவது முக்கோணத்தின் மூன்று முனையையும் தொடும் வட்டத்தின் மையம். பக்கங்களின் நடுவில் செங்குத்தாக வரையும் மையக்குத்துக்கோடுகள் வெட்டும் புள்ளிதான் அது. விரிகோண முக்கோணம் கொடுத்தால் அவை முக்கோணத்துக்கு வெளியே போய்த்தான் வெட்டும். பிள்ளைகள் சரியாகவே வரைவார்கள். புள்ளி வெளியே விழுந்ததைப் பார்த்ததும் தப்பு என்று நினைத்து அழித்துவிடுவார்கள். வருஷா வருஷம் சரியான விடையை ரப்பரால் தேய்த்த தாளைத்தான் திருத்துகிறேன்.

ஜியோஜிப்ரா என்ற கணித மென்பொருளில் அதைச் செய்ய அரை மணி நேரம் ஆனது. மூன்று புள்ளி, மூன்று பக்கம், மையக்குத்துக்கோடுகள், வெட்டும் இடத்தை மையமாக வைத்து ஒரு வட்டம். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் எல்லாம் கூடவே நகரும். கடைசி நாள் மாதிரி வகுப்பில் நான் எழுந்து நின்றதும் கரண்ட் போனது, அது வேறு கதை. இணையம் இல்லாமலும் ஓடும் என்பதால் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு ஊர் வந்தேன்.

ஜூனில் ஹைடெக் லேபில் ஒரே திரையில் போட்டேன். நான் இழுக்கவில்லை, மவுஸை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டேன். கோணம் 80, 85 என்று ஏற ஏறப் புள்ளி பக்கத்தை நோக்கி நகர்ந்தது. அப்புறம் ஒரே கூச்சல்.

"இன்னா சார், புள்ளி வெளிய பூட்ச்சி!"

"வட்டம் மூணு முனையையும் தொடுதா?"

"தொடுது சார்."

"அப்போ தப்பா?"

பதில் இல்லை. பின்வரிசைப் பெண் ஒருத்தி, "சார், 90ல நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். நிறுத்தினான். புள்ளி கர்ணத்தின் நட்ட நடுவில் போய் உட்கார்ந்தது. நான் அடுத்த நாளுக்கு வைத்திருந்த பாடம் அது.

மறுநாள் காம்பஸ், ஸ்கேலோடு நோட்டில் வரையச் சொன்னேன். 130 பாகை கொடுத்தேன். ஒருவனுக்கு மையம் நோட்டை விட்டே வெளியே போய்விட்டது. அழிக்கவில்லை, ரஃப் நோட்டிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து ஓரத்தில் ஒட்டி, அதன்மேல் புள்ளி வைத்துக் கொண்டுவந்தான்.