குன்னூரில் வீடு தேடிய கதை: ஏறும் நேரமும் இறங்கும் நேரமும்

என் கணவருக்குக் குன்னூருக்கு மாற்றல் வந்தது 2024 ஏப்ரலில். வீட்டில் ஐந்து பேர். நாங்கள் இருவர், நான்காம் வகுப்புக்குப் போகவிருந்த மகள், மூன்று வயது மகன், அப்புறம் அத்தை. என் மாமியாரைத்தான் அத்தை என்கிறேன், 72 வயது.

மயிலாப்பூரில் அத்தைக்கு யாருடைய துணையும் வேண்டாம். காலையில் கபாலீசுவரர் கோயில், திரும்பும்போது தெற்கு மாட வீதியில் கீரை, வாழைப்பூ, கூடவே தெரிந்தவர்கள் நாலு பேரிடம் பேச்சு. மகளும் பக்கத்துத் தெருவில் இருந்த பள்ளிக்குத் தோழிகளோடு நடந்தே போவாள். எங்களிடம் கார் கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை. குளிரைப் பற்றி எல்லோரும் எச்சரித்தார்கள். குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கிக்கொள்ளலாம். இந்த நடை போய்விடுமோ என்பதுதான் என் கவலையாக இருந்தது.

முதல் வீட்டைக் கணவர் மே மாதம் தனியாகப் போய்ப் பார்த்தார். அப்பர் குன்னூரில் பெட்ஃபோர்டைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சரிவில் இருந்தது. வீடியோ காலில் சன்னலைத் திறந்து காட்டினார், பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. எனக்கும் மனசு அதிலேயே நின்றுவிட்டது. சாலையிலிருந்து கொஞ்சம் படி இறங்க வேண்டும் என்றார் தரகர். எத்தனை படி என்று நான் கேட்கவில்லை. 11 மாத ஒப்பந்தம் போட்டு, ஜூனில் கணவர் மட்டும் குடியேறினார். மகளின் படிப்பாண்டு முடிந்து மறு மே மாதம் நாங்கள் போவதாகத் திட்டம்.

அந்த வருடத் தீபாவளிக்கு எல்லோரும் குன்னூர் போனோம். நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து பஸ். மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாகியிருந்தது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. வீட்டுக்கு மேலே சாலையில் இறங்கி மகள் எண்ணிக்கொண்டே போனாள். 96 படிகள், கைப்பிடிக் கம்பி கிடையாது, பாதிப் படிகளில் பாசி. அத்தை ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். அதன்பிறகு நாங்கள் இருந்த எட்டு நாளில் இரண்டு முறைதான் மேலே வந்தார்.

அந்த எட்டு நாளும் விட்டுவிட்டு மழை. நீலகிரியில் எல்லா ஊருக்கும் ஒரே மழைக்காலம் என்று நினைத்திருந்தேன். கூடலூர் பக்கம் கொட்டித் தீர்ப்பது ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை. கிழக்கே பார்த்திருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழைக் காலம். மே மாதம் பார்த்த அதே வீட்டில் இப்போது சுவர் ஈரம் கோத்திருந்தது. அலமாரிக்குள் கணவரின் தோல் பெல்ட்டில் வெள்ளையாகப் பூஞ்சை. வடக்கே பார்த்த சரிவு என்பதால், மழை விட்ட நாளில்கூட வெயில் எட்டிப் பார்க்கவில்லை. துவைத்த துணி மூன்று நாளாகியும் காயவில்லை. சிலிண்டர் வண்டி சாலையிலேயே நின்றுவிடும். கீழே சுமந்து வருபவருக்குத் தனியாக 150 ரூபாய். மாலை ஆறு மணிக்கு மகளோடு படியேறப் போனபோது, மேல் திருப்பத்தில் ஒரு காட்டுமாடு நின்றது. அது எங்களைப் பார்த்தபடி அசையாமல் நிற்க, நாங்கள் மெல்லத் திரும்பி வந்துவிட்டோம்.

மேல் வீட்டில் ஒரு படுகர் குடும்பம். அந்த அக்கா எனக்குச் சொல்லித்தந்ததை எந்தத் தரகரும் சொல்லவில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அப்போது குன்னூர், கேத்தி பக்கம் பார்த்ததைச் சொல்லிவிட்டு, என்னை வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். "வீட்ட பாக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்குப் பின்னால இருக்கற மண்ணப் பாரும்மா." எங்கள் சமையலறைக்குப் பின்னால் மலையைச் செங்குத்தாக வெட்டித் தடுப்புச் சுவர் கட்டியிருந்தார்கள். சுவருக்குள் தேங்கும் தண்ணீர் வெளியே வடிய இடையிடையே குழாய் விட்டிருக்க வேண்டும். அந்தச் சுவரில் ஒன்றுகூட இல்லை. நடுவில் சுவர் லேசாக வயிறு தள்ளியிருந்தது. மேலே மரங்கள் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றாலோ, தரையில் புதிதாக விரிசல் ஓடினாலோ அங்கே ஒருநாள்கூடத் தங்காதே என்றார்.

அன்றிரவே முடிவெடுத்தோம். ஒப்பந்தம் முடியும்முன் காலி செய்ததால் அட்வான்ஸில் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பணம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. கணவர் ஒரு லாட்ஜ் அறைக்கு மாறினார். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மாதம் ஒருமுறை நானே மலையேறிப் போய், கால்நடையாகவே வீடு தேடினேன்.

லோயர் குன்னூரில் பஸ் நிலையம், மார்க்கெட், ரயில் நிலையம் எல்லாம் கைக்கெட்டும் தூரம். மயிலாப்பூருக்கு நெருக்கமான ஊர் என்று பார்த்தால் அதுதான். ஆனால் அங்கே வாடகைக்குக் கிடைத்தவை மார்க்கெட்டுக்கு மேலே குறுகிய படிக்கட்டுச் சந்துகளில் இருந்தன. தண்ணீரும் யோசிக்க வைத்தது. குன்னூருக்குப் பெரும்பாலும் ரேலியா அணைத் தண்ணீர். கோடையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று ஒரு தெருவில் மூன்று வீடுகளில் கேட்டேன், மூன்று பேரும் முகத்தைச் சுளித்தார்கள். கோத்தகிரி எனக்கு மிகவும் பிடித்த ஊர். ஆனால் தினமும் அங்கிருந்து குன்னூர் வந்துபோக, மழைக்கால மூடுபனியில் கணவருக்கு முடியாது. வெலிங்டனில் நல்ல சாலை, நல்ல அமைதி, எங்கள் கைக்கு எட்டிய வாடகையில்தான் ஒன்றும் அமையவில்லை.

பார்த்த வீடுகளிலெல்லாம் ஒரு காரியம் தவறாமல் செய்தேன். வீட்டு வாசலிலிருந்து பால் கடை, மருந்துக் கடை, ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் வரை நடந்து, கைப்பேசியில் நேரம் பார்த்தேன், போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. மலையில் ஒரே தூரத்துக்கு இரண்டு நேரம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து மருந்துக் கடைக்கு இறங்க ஏழு நிமிடம் ஆனது, பையோடு திரும்பி ஏற பதினெட்டு நிமிடம். தரகர் அதை "பக்கத்துல, அரைக் கிலோமீட்டர்" என்றார். அரைக் கிலோமீட்டர் என்பது உண்மைதான். அத்தைக்கு அந்தப் பதினெட்டு நிமிடம் அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். மாலை ஆறரைக்கு மறுபடியும் அதே வழியில் நடப்பேன். தெருவிளக்கு எங்கே முடிகிறது, புதர் எங்கே தொடங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து கரடி வரும் இடங்களைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் சரியாகச் சொல்கிறார்கள்.

அருவங்காட்டை எங்களுக்குச் சொன்னது கணவரின் அலுவலக நண்பர். வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கும் ஊராச்சே என்று என் அம்மா போனில் பதறினார். ஆனால் அந்தத் தொழிற்சாலையால்தான் இப்படியொரு ஊர் அமைந்திருக்கிறது என்பது என் எண்ணம். நூறு வருடத்துக்கு மேலாகத் தொழிலாளர்கள் வேலைக்கு நடந்து போய் வந்த ஊர். அதனால் கடை, மருந்து, டிபன் எல்லாம் நடந்தே போகும் தூரத்தில் அமைந்துவிட்டன. குன்னூரிலிருந்து ஊட்டி போகும் பிரதான சாலை நடுவே ஓடுகிறது. ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் வரும் என்ற நம்பிக்கை உண்டு. மலை ரயிலும் நிற்கிறது. ஆனால் அதன் நேரங்களை நம்பி வேலைக்குப் போக முடியாது.

வீடு பிரதான சாலையிலிருந்து இரண்டாவது தெருவில், முதல் மாடி. சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும், பள்ளத்தாக்கு இல்லை. தென்கிழக்கு பார்த்த சரிவு என்பதால் மார்கழியிலும் காலை வெயில் கூடம்வரை வருகிறது. தாழ்வான பள்ளமும் இல்லை. குளிர்காற்று இரவில் பள்ளத்தில் போய்த் தங்கிவிடும், ஊட்டி குதிரைப் பந்தயத் திடல் தையில் உறைபனியால் வெளுத்துக் கிடப்பது அதனால்தான். பின்பக்கத் தடுப்புச் சுவரில் வரிசையாகக் குழாய்கள், மழைக்குப் பின் அவற்றிலிருந்து தண்ணீர் வடிவதையும் பார்த்துவிட்டேன். சாலைக்குப் படிகள் 11, கம்பியோடு. பள்ளி வேன் நிற்கும் இடம் நாலு நிமிடம், ஏறினாலும் இறங்கினாலும்.

முன்பணம் கொடுக்கும்முன் மார்ச் கடைசியில் அத்தையைக் கூட்டி வந்தேன். அவர் சரி என்றால்தான் என்று கணவரிடம் சொல்லியிருந்தேன். தெருமுனைக் கடைவரை தனியாக நடந்து போனார், நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். யாரோ ஒரு பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், இருவரும் பேசினார்கள்.

திரும்பி வந்தவர் கையில் ஒரு கட்டுக் கீரையும் கால் கிலோ பட்டாணியும். "ஏம்மா, செவ்வாய்க்கிழமை இங்க பக்கத்துல முருகன் கோயில்ல பூஜையாம். அந்தம்மா கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாங்க," என்றார். அன்று சாயங்காலமே முன்பணம் கொடுத்தோம்.