அரிசி இலவசமாகிவிட்ட காலத்தில் சபையின் தருமம்

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குக் காணிக்கை என்பது ஞாயிறு ஆராதனையில் பைக்குள் போடும் ரூபாயோடு முடிந்துபோகும் காரியமன்று. சபை உறுப்பினர் சந்தாவான சங்கக் காணிக்கை, ஸ்தோத்திரக் காணிக்கை, பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் உறையிலிட்டுக் கொடுப்பது, வருமானத்தில் பத்திலொன்றான தசமபாகம், நேர்ந்துகொண்ட பொருத்தனை, ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை வரி, சபையார் கூடி உண்ணும் அசனத்துக்கு அரிசி, விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகையில் ஏலம் என்று ஆண்டு முழுவதும் ஏதாவதொரு வழியில் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம். எங்கள் சபையின் வரவுசெலவுக் கணக்கைச் சில காலம் எழுதியவன் என்ற முறையில், வரவுப் பக்கத்தில் இத்தனை தலைப்புகள் நிரம்பி வழிவதையும், செலவுப் பக்கத்தில் 'ஏழைகள் உதவி' என்ற ஒற்றை வரி ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பதையும் பார்த்துப் பழகியிருக்கிறேன். சபையாரின் கொடுக்கும் மனம் சுருங்கிவிட்டதாக நான் நினைக்கவில்லை. கொடுக்கும் பொருளும், கொடுக்கும் காலமும், உள்ளூர் ஏழையின் இன்றைய தேவையை விட்டு வெகுதூரம் விலகிவிட்டன என்பதே என் ஆதங்கம்.

பிடி அரிசியை எடுத்துக்கொள்வோம். உலையில் அரிசி போடும் முன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்படியில் அதற்கென்றே வைத்திருக்கும் தகர டப்பாவில் போட்டுவிடுவது எங்கள் பாட்டிமார் காலத்து வழக்கம். வார இறுதியில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடு வீடாக வந்து அதை ஒரே சாக்கில் கொட்டிக்கொண்டு போவார்கள். புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி, குருணை எல்லாம் கலந்து கிடக்கும் அந்த அரிசியைச் சோறாக வடிக்க முடியாது; ஒன்று குழைந்துபோகும்போது இன்னொன்று விறைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே வாங்கியவர்கள் அதைக் கஞ்சி காய்ச்சினார்கள், அல்லது ஊறவைத்து மாவாக இடித்தார்கள். பார்வைக்கு எளிய இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருந்தது. கையில் காசே புழங்காத வீட்டுப் பெண்ணும் ஒரு பிடி போட முடிந்தது. நல்ல காலத்தில் போட்டவளே கெட்ட காலத்தில் வாங்கவும் செய்தாள் என்பதால், ஊரில் யார் கொடுப்பவர், யார் வாங்குபவர் என்ற கோடு அழுத்தமாக விழவில்லை. மிசோரம் சபைகளில் இதே பிடி அரிசி இன்றும் சபையின் முக்கிய வருமானங்களில் ஒன்றாக இருந்துவருகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அங்கே அது பழங்கதையாகிவிடவில்லை.

பசி இருந்த இடத்தில் அரிசி சரியான உதவி. ஆனால் நம் பகுதிச் சபைகளின் வரலாற்றைப் புரட்டினால், முன்னோர் அரிசியோடு நின்றுவிடவில்லை என்பது தெரியும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்தவர்களானவர்களுக்கு முதலில் நேர்ந்த இடர், இருந்த இடத்தைவிட்டு விரட்டப்பட்டதுதான். இப்பகுதியில் நற்செய்தி அறிவித்த தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியால் 1799-இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உருவானதற்கு அதுவே காரணம். பாளையங்கோட்டையில் பணியாற்றிய ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830-இல் தருமசங்கத்தைத் தொடங்கியபோது, அந்தச் சங்கத்தின் முதன்மையான வேலை நிலம் வாங்குவதாகவே இருந்தது. நிலக்கிழார்கள் துரத்திய குடும்பங்கள் குடிசை போட்டுக்கொள்ளவும் கிணறு வெட்டிக்கொள்ளவும், யாரும் எழுப்பிவிட முடியாத ஒரு துண்டு மண் அவர்களுக்குத் தேவைப்பட்டது. சாயர் என்ற வணிகரின் பெயரில் சாயர்புரமும், ஜெர்மனியிலிருந்து பணம் அனுப்பிய டோனா பிரபுவின் பெயரில் டோனாவூரும் இன்றும் நிற்பது, அந்தக் காலத்துக் காணிக்கை எந்த வடிவத்தில் ஏழைகளைச் சென்றடைந்தது என்பதற்குச் சாட்சி. சோறு ஒரு வேளையில் தீர்ந்துபோகும், மண் பேரன் காலம் வரை நிற்கும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த தலைமுறையில் தேவை மாறியது, உதவியும் மாறியது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாதுவருடப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டிகள் திறக்கப்பட்டன. அந்த நாள்களில் சபைக்கு வந்தவர்களைக் கஞ்சிக்காக வந்தவர்கள் என்று ஏசியவர்களும் உண்டு. அந்த ஏச்சில் சிறிதும் உண்மையில்லை என்று நான் வாதாட மாட்டேன். உதவியை ஞானஸ்நானத்தோடு முடிச்சுப்போட்ட இடங்களில் தருமமும் கெட்டது, விசுவாசமும் கெட்டது. ஆனால் அதே பஞ்சத்தின் நடுவே, தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில் மிஷனரி மர்காஷிஸ் ஐயர் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு 1878-இல் கைத்தொழில் பள்ளியைத் தொடங்கினார். பெற்றோரை இழந்த பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றியதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அதன் கையில் ஒரு தொழிலையும் கொடுத்தார். பிறகு 1903-இல் இந்திய மிஷனரி சங்கம் எழும்பியபோது, இந்தியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற மூன்றையும் அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள். அதைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான, வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, பின்னாளில் தோர்ணக்கல் பேராயராக இருந்தபோது, தெலுங்கு நாட்டில் கூலி வேலை செய்த ஏழைச் சபையாரையும் கொடுக்கும்படி பழக்கினார். அங்கேயும் பெண்கள் பிடி அரிசிதான் எடுத்துவைத்தார்கள். கொடுப்பது பணக்காரரின் பொழுதுபோக்கு என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை.

இத்தனை வரலாறும் நமக்கு இருக்க, இன்று நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? டிசம்பர் மாதம் பிறந்தால் சேலை, வேட்டி, போர்வை, ஐந்து கிலோ அரிசிப் பை. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. எங்கள் ஊரில் மிக வறிய வீட்டிலும் அரிசிக்குக் குறைவில்லை. கிறிஸ்துமஸ் சேலைகளோ பிரித்துப் பார்க்காமலே பீரோவின் மேல் தட்டில் அடுக்கிக் கிடப்பதை வீடு பார்க்கப் போகும்போது பார்த்திருக்கிறேன். கொடுத்தவரை நோகடிக்க வேண்டாமே என்று வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

காலமும் பொருந்தவில்லை. உப்பளத்தில் கூலி வேலை செய்யும் குடும்பங்களுக்கு ஐப்பசி மழை தொடங்கியவுடன் வேலை நின்றுவிடுகிறது. அக்டோபரிலேயே கடன் வாங்கத் தொடங்கிவிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் வரும்போது கடன் வட்டியோடு வளர்ந்து நிற்கிறது. கடற்கரை ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அந்தத் தடைக்காலம் முடியும் முன்பே பள்ளிக்கூடம் திறந்துவிடும். கட்டணம், சீருடை, விடுதிச் செலவு எல்லாம் ஒன்றாக வந்து நெருக்கும் அந்த மாதத்தில், சபையின் ஏழைகள் நிதி கிறிஸ்துமஸுக்குச் செலவழிந்து வெறுமையாகக் கிடக்கும். கணக்கு எழுதியபோது எனக்கு மிகவும் உறுத்தியது இதுதான்.

அப்படியானால் இன்றைய தேவை எது? இரண்டு வீடுகளைச் சொல்கிறேன்; அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதல் வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் இரண்டு முறை இரத்தச் சுத்திகரிப்பு செய்தாக வேண்டும். சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசம்தான். ஆனால் ஊரிலிருந்து போய்வர ஆட்டோவும், துணைக்குப் போகும் மனைவி இழக்கும் கூலியும் சேர்ந்தால், அந்த வீட்டின் வருமானத்தில் பாதி அதிலேயே கரைந்துவிடும். மனைவி தனியே போனால் அவருக்குப் பேருந்தில் கட்டணம் இல்லை. சுத்திகரிப்பு முடிந்து தள்ளாடி வரும் கணவரைப் பேருந்தில் ஏற்றிவர முடியாது என்பதுதான் சிக்கல். அவர்களுக்கு நாம் அரிசிப் பை கொடுத்தோம். இரண்டாவது வீடு ஒரு பனையேறியின் வீடு. பதநீர் இறங்கும் பருவத்தில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். உடைந்த எலும்பைவிட அவரை வாட்டியது குழுக் கடன்தான். வாரந்தோறும் தவணை வாங்க வருபவர் வாசலில் உட்கார்ந்துவிடுவார். தவணை கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும் என்பதால், அக்கம்பக்கத்தாரே அந்த வீட்டம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நான்கைந்து மாதத் தவணையை யாராவது ஏற்றுக்கொண்டிருந்தால் அந்தக் குடும்பம் தலைநிமிர்ந்திருக்கும். அவர்களுக்கும் அரிசிப் பையும் ஒரு போர்வையும்தான் போய்ச் சேர்ந்தன.

இவற்றை நாம் அறியாமல் போவதற்குக் காரணம், நாம் வீட்டுக்குள் போவதில்லை, மேடைக்கு வரச்சொல்கிறோம். பெயர் வாசித்து, வரிசையில் நிறுத்தி, பையின் ஒரு காதை வாங்குபவரும் மறுகாதைக் கொடுப்பவரும் பிடித்தபடி புகைப்படக்காரரைப் பார்க்கும் அந்தக் காட்சி இப்போது எல்லாச் சபைக்கும் பொதுவாகிவிட்டது. வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் வாசித்துவிட்டு, மறுநாள் அதே கோயில் மதிலில் கொடையாளர் படத்தோடு பிளக்ஸ் கட்டுகிறோம். இந்த விஷயத்தில் கத்தோலிக்கப் பங்குகளில் (ஆலய வட்டாரங்களில்) இயங்கும் புனித வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. 1833-இல் பாரிஸ் நகரத்தில் பிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய சபை அது. உறுப்பினர்கள் கூடும்போது ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. உதவி பெறும் வீட்டுக்கு இருவர் இருவராகச் சென்று, உட்கார்ந்து பேசி, என்ன வேண்டும் என்று கேட்டறிந்து வருவார்கள். அந்த வீட்டின் பெயர் கூட்டத்துக்கு வெளியே போகக்கூடாது என்பது அவர்களது ஒழுங்கு. நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்தவருக்குத்தான் ஆட்டோ வாடகை என்ற தேவை காதில் விழும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையின்போது நாமும் இதைச் செய்துகாட்டினோம் என்பதை மறுக்க மாட்டேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டு, ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் துண்டிக்கப்பட்டுக் கிடந்த அந்த வாரத்தில், சபை மண்டபம் எல்லாருக்கும் திறந்துகிடந்தது. கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு வைத்திருந்த பணத்தில் பாய், மண்ணெண்ணெய், குழந்தைகளுக்குப் பால்பொடி வாங்கினோம். கோயில், பள்ளிவாசல், ஆலயம் என்ற வேற்றுமையெல்லாம் அப்போது யாருக்கும் நினைவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டு, அதை மட்டும் கொடுத்த நாள்கள் அவை. வெள்ளம் வடிந்த பிறகு மறுபடியும் சேலைக்குத் திரும்பிவிட்டோம் என்பதுதான் வருத்தம்.

வெளிநாட்டுப் பணத்தை நம்பிக்கொண்டிருந்த காலமும் முடிந்துவருகிறது. 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, அந்தப் பணம் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரவேண்டும். ஒரு நிறுவனம் பெற்றதை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்துகொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பெரிய நிறுவனங்கள் வாங்கிச் சிறிய இல்லங்களுக்குப் பிரித்துக்கொடுத்த பழைய ஏற்பாடு இதனால் அற்றுப்போயிற்று. சட்டத்தின் நியாய அநியாயம் வேறு விவாதம். இனி உள்ளூர் விடுதிப் பிள்ளைக்கும் உள்ளூர் விதவைக்கும் உள்ளூர்க் காணிக்கைதான் கதி என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

யாருக்குக் கொடுப்பது என்பதும் அடிக்கடி எழும் சச்சரவு. யாவருக்கும், விசேஷமாக விசுவாச குடும்பத்தாருக்கும் நன்மை செய்யும்படி பவுல் கலாத்தியருக்கு எழுதியதில், நம்மவர்கள் 'விசேஷமாக' என்பதை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டு 'யாவருக்கும்' என்பதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சங்கக் காணிக்கை பாக்கி வைத்தவருக்கு உதவி கிடையாது என்று ஒரு சபையில் தீர்மானமே போட்டிருக்கிறார்கள். பாக்கி வைப்பவர்தான் ஏழை என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை போலும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் சபைகளில் பல, ஒரே சாதியாரின் சபைகளாகவே இருக்கின்றன. அசனப் பந்தியில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று பெருமை பேசுகிறோம். அந்தப் பந்திக்கு ஊரின் தென்கோடித் தெருவிலிருந்து எத்தனை பேர் வந்து உட்காருகிறார்கள், எத்தனை பேர் பின்வாசலில் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பதைப் பார்த்தால் பெருமை அடங்கிவிடும்.

எங்கள் சபையில் இப்போது ஒரு சிறிய மாற்றம் நடந்திருக்கிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வரும் பணத்தில் ஒரு பங்கை ஏழைகள் நிதிக்கென்று பிரித்து, அதை டிசம்பருக்குள் தீர்த்துவிடாமல் அக்டோபர், ஜூன் மாதங்களுக்கு வைத்திருப்பதென்று கமிட்டியில் ஒப்புக்கொண்டார்கள். ஒரு பூசணிக்காயை 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று ஏற்றி ஏற்றிக் கடை விலையைப்போல் பல மடங்குக்கு எடுக்கும் அண்ணாச்சிகளுக்கு, அது ஆட்டோ வாடகையாகப் போகிறது என்று தெரிந்ததும் ஏலம் இன்னும் சூடுபிடித்தது. பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த இருவர் வீடு பார்த்து வந்து தேவையைச் சொல்ல, சேகரகுருவான போதகரும் பொருளாளரும் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார்கள். கணக்கில் 'மருத்துவப் பயணம்', 'தவணை', 'விடுதிக் கட்டணம்' என்று மட்டும் எழுதுகிறோம். சபைக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, பெயரில்லாத கணக்கை எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பெயர்ப்பட்டியலைச் சபை தேர்ந்தெடுத்த தணிக்கையாளர்கள் இருவர் மட்டும் பார்த்துச் சரி சொல்வதென்று முடிவாயிற்று. கேட்டவரையே அந்த இருவரில் ஒருவராகப் போட்டுவிட்டார்கள்.