பெயர் கத்தரித்த மாத்திரை அட்டை

புகைப்பழக்கத்தை விடவேண்டும் என்று வருகிறவர்களிடம் நாங்கள் கொடுக்கும் படிவத்தில் பதினோராவது கேள்வி இது: ‘மனநலத்துக்காக மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா?’ பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஆலோசகராகச் சேர்ந்த முதல் வருடத்தில் அந்த ‘ஆம்’ கட்டத்தில் டிக் விழுந்து நான் பார்த்ததே அபூர்வம். முந்தின கேள்வியில் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா என்று தாராளமாக டிக் அடித்துக்கொண்டு வந்த பேனா, பதினொன்றுக்கு வந்ததும் ‘இல்லை’ பக்கம் போய்விடும். சிலர் அந்த வரியையே விட்டுவிட்டுப் பன்னிரண்டுக்குத் தாவிவிடுவார்கள். தாவியவர்களை நான் திருப்பிக் கேட்டதில்லை. சங்கடமாக இருக்கும். யாருக்குச் சங்கடம் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பது வயதுக்காரர். எழுந்த ஐந்து நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைத்துவிடுவார். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட். அடிமைத்தனத்தை அளக்கும் எங்கள் கேள்விகளில் அந்த முதல் சிகரெட் நேரத்துக்குக் கனம் அதிகம்; ஐந்து நிமிடம் என்றால் முழு மதிப்பெண். சிகரெட் ஏக்கத்தைத் தணிக்கும் நிகோடின் பட்டை ஒட்டி, கூடவே நிகோடின் சூயிங்கமும் கொடுத்து அனுப்பினேன். இரண்டாவது வாரம் மறுபடி புகைத்துக்கொண்டு வந்தார். சில மாதம் கழித்து இன்னொரு முயற்சி. அதுவும் இரண்டாவது வாரத்தில் முடிந்தது. இரண்டு முறையும் ஒரே புகார்.

“சிகரெட் இல்லன்னா எனக்கு மூளையே வேலை செய்யல மேடம். பகல்லயே தூங்கி விழறேன். எழுந்து நடந்தா தள்ளுது.”

நிகோடினை நிறுத்தினால் எரிச்சல் வரும், படபடப்பு வரும், பசி கூடும், கவனம் சிதறும். தூக்கம் வரவில்லை என்றுதான் பெரும்பாலும் புலம்புவார்கள். இவர் சொன்னது அதற்கு நேர் எதிர். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கார்டில் ‘சோர்வு’ என்று எழுதி, மன உறுதி பற்றி நான்கு வார்த்தை பேசி அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது முறை வந்தபோது, மிச்சமிருந்த சூயிங்கத்தைக் காட்டுவதற்காகப் பையைத் திறந்தார். கூடவே ஒரு மாத்திரை அட்டை வந்து மேஜைமேல் விழுந்தது. மேல்பக்கம் மருந்தின் பெயர் அச்சடித்திருக்கும் இடங்கள் எல்லாம் கத்தரிக்கோலால் பார்த்துப் பார்த்து வெட்டப்பட்டிருந்தன. மாத்திரை இருக்கும் குமிழ்கள் மட்டும் ஓரம் பிசிறில்லாமல் மிஞ்சியிருந்தன. அவ்வளவு பொறுமையாக ஒருவர் உட்கார்ந்து வெட்டியிருக்கிறார். அட்டையைப் படக்கென்று எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

“நரம்பு மாத்திரை மேடம்.”

நரம்பு மாத்திரை, நரம்பு டாக்டர், நரம்புத் தளர்ச்சி. மனநோயைச் சொல்லாமல் சொல்வதற்கு நம்மிடம் இருக்கும் போர்வைகள் இவை. அன்று அரைமணி நேரம் பேசிய பிறகுதான் பெயர் வந்தது: ஓலான்சபின். மனச்சிதைவு போன்ற கடுமையான மனநோய்களுக்குக் கொடுக்கும் மருந்து. பல வருடமாகச் சாப்பிடுகிறார். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அட்டை பையிலிருந்து எப்போதாவது விழுந்தால் யாராவது பெயரை கூகுளில் போட்டுப் பார்ப்பார்கள் என்று பயம்.

அவர் தூங்கி விழுந்ததற்கான காரணம் அந்தப் பெயரில்தான் இருந்தது. சிகரெட் புகையில் இருக்கும் தார் வகை ரசாயனங்கள் கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்ற நொதியைத் தூண்டிவிடும். ஓலான்சபின், குளோசபின் போன்ற மனநோய் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றுவதில் அந்த நொதிக்குப் பெரிய பங்கு. புகைப்பவருக்கு மருந்து சீக்கிரம் கரைந்துபோவதால் அதற்கேற்றாற்போல மருத்துவர் எழுதும் அளவு கூடியிருக்கும். சிகரெட்டை நிறுத்தியதும் சில நாட்களில் நொதி பழைய நிலைக்கு இறங்கிவிடும். அதே மாத்திரை உடம்பில் கூடுதலாகத் தேங்கும். குளோசபின் என்றால் ரத்தத்தில் அதன் அளவு பாதிக்குப் பாதி ஏறலாம், அதற்கு மேலும் போகலாம், வலிப்புவரை கொண்டுவிடும். இதைச் செய்வது புகை, நிகோடின் அல்ல. ஆகவே நான் கொடுத்த பட்டையும் சூயிங்கமும் இந்த விஷயத்தில் ஒன்றுக்கும் உதவியிருக்காது. மறுபடி சிகரெட் பிடித்தபோது மருந்தின் அளவு இறங்கியது, அவருக்குத் தலை தெளிந்தது. சிகரெட்தான் மூளையை ஓட்டுகிறது என்று அவர் முடிவுகட்டியதில் என்ன தவறு? மனநல மருத்துவரிடம் ஒரு போன் செய்து மாத்திரை அளவைக் குறைத்திருந்தால் தீர்ந்திருக்கும். அவருடைய இரண்டு முயற்சிகளையும் அந்தக் கத்தரிக்கோல்தான் கத்தரித்திருக்கிறது. நான் கேட்காமல் விட்ட பதினோராவது கேள்வியும் அதில் ஒரு கை வைத்திருக்கிறது.

மறைக்கிறவர்கள்மேல் மட்டும் பழியைப் போட எனக்கு யோக்கியதை இல்லை. இந்த வேலைக்கு வருமுன் ஒரு மனநல வார்டில் இருந்தேன். அங்கே மாத்திரையை ஒழுங்காக விழுங்கினால் ஒரு சிகரெட், சத்தம் போடாமல் இருந்தால் இன்னொன்று. புகைப்பதை நிறுத்த இவர்களுக்கு உதவலாமே என்று யாரோ பேச்செடுத்தபோது மூத்தவர் ஒருவர் சொன்னார்: “பாவம், அவங்களுக்கு இருக்கற ஒரே சந்தோஷம் அதுதான். அதையும் பிடுங்கணுமா?” நானும் தலையாட்டினேன். கருணையான பேச்சு என்றே தோன்றியது. இதயநோய் வார்டில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோவது இதயமும் நுரையீரலும் புற்றுநோயும்தான். இந்தப் ‘பாவம்’ என்ற சொல்லுக்குள் ‘இவர்கள் எப்படியும் தேறப்போவதில்லை’ என்ற தீர்ப்பு ஒளிந்திருந்ததை நான் உணர வெகுநாள் ஆனது.

அந்தப் பேச்சால் லாபம் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் விற்கும் சிகரெட்டில் ஏறத்தாழ 44 சதவீதத்தை மனநலப் பிரச்சினை உள்ளவர்களே புகைக்கிறார்கள் என்று 2000-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. மனச்சிதைவு உள்ளவர்கள் தங்களுக்குத் தாங்களே மருந்துபோலப் புகைக்கிறார்கள் என்ற கருத்தை வளர்த்த ஆராய்ச்சிகளுக்குப் புகையிலைத் தொழில் பணம் கொடுத்து வந்ததை, அதன் உள் ஆவணங்களைப் படித்தவர்கள் 2008-ல் வெளியிட்டார்கள். நாங்கள் வார்டில் இலவசமாகவே அந்தப் பிரச்சாரத்தைச் செய்துகொண்டிருந்தோம்.

குடும்பங்கள் வேறு விதம். ஒரு அம்மா, மகனை உள்ளே உட்காரவைத்துவிட்டு என்னை நடைக்கு அழைத்து வந்து காதோடு சொன்னார்: “டிப்ரஷன் விஷயம் மட்டும் அவன்கிட்ட எடுக்காதம்மா. நல்லா இருக்கான் இப்போ.” நானும் எடுக்கவில்லை. நிறுத்திய மூன்றாம் நாள் பையன் யாரிடமும் பேசாமல் படுத்துவிட்டான். அது நிகோடின் இறங்கும்போது வருகிற மனச்சோர்வாக இருக்கலாம். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணிவது. நோய் திரும்புவதாகவும் இருக்கலாம். இரண்டும் ஆரம்பத்தில் ஒரே முகம் காட்டும் என்பதை முன்கூட்டியே மூன்று பேரும் உட்கார்ந்து பேசியிருந்தால், எத்தனை நாள் பொறுப்பது, எப்போது டாக்டரைப் பார்ப்பது என்று தெரிந்திருக்கும். பேசாததால் அம்மா பயந்துபோய்த் தானே சிகரெட் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டார். அவரை நான் எப்படிக் கோபித்துக்கொள்வேன்?

அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. புகையை விட்டவர்களின் மனநிலையை முன்னும் பின்னும் அளந்த 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிட்டால், விட்டவர்களுக்குச் சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன, மனநோய் உள்ளவர்களுக்கும் அப்படியே. ‘டென்ஷனுக்குத்தான் பிடிக்கிறேன்’ என்பார்கள். நிகோடின் ரத்தத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அது இறங்கும்போது வருகிற டென்ஷனைத்தான் அடுத்த சிகரெட் தீர்த்துவைக்கிறது. வட்டி கட்டுவதற்கே கடன் வாங்குகிற கதை.

புகையை விட உதவும் மாத்திரைகள்மேல் இருந்த பயமும் லேசில் போகவில்லை. வரெனிக்லின், புப்ரோபியான் இரண்டுக்கும் 2009-ல் அமெரிக்காவில் மனநலம் தொடர்பான கடுமையான எச்சரிக்கைக் கட்டம் போட்டார்கள். பிறகு எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மனநோய் வரலாறு உள்ளவர்கள், ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். வெற்று மாத்திரையையும் நிகோடின் பட்டையையும்விட இவற்றால் மனநலக் கோளாறு கவனிக்கத்தக்க அளவில் கூடவில்லை. 2016-ல் எச்சரிக்கைக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் பயம் மட்டும் அதன் பிறகும் வேலையை விடாமல் வந்துகொண்டிருந்தது.

இப்போது பதினோராவது கேள்வியை நான் படிவத்தில் விடுவதில்லை, வாயால் கேட்கிறேன். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: “சிகரெட்டை விட்டா சில மாத்திரையோட அளவை மாத்தணும், அதனால எல்லார்கிட்டயும் கேக்கறோம். தூக்கத்துக்கு, மனசுக்கு, நரம்புக்குன்னு ஏதாவது போடறீங்களா?” பதில் வருகிறது. எல்லாரிடமிருந்தும் அல்ல, ஒருவர் “என்னைப் பார்த்தா மென்டல் மாதிரி இருக்கா?” என்று எழுந்தே போய்விட்டார். ‘நரம்பு’ என்று நீயே சொல்லிக் கொடுத்தால் அந்தப் போர்வையை நீயும்தானே இழுத்து மூடுகிறாய் என்று என் சக ஊழியை கேட்கிறாள். அவள் கேட்பது நியாயம். என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் செய்தேன். அந்த நாற்பது வயதுக்காரர் மருந்தின் பெயரைக் கார்டில் எழுதக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஓரத்தில் பென்சிலால் ‘ந’ என்று மட்டும் போட்டு வைத்தேன். அவருடைய மருத்துவர் அளவைக் குறைத்தார், அவரும் நிறுத்தினார், ஐந்தாவது வாரத்தில் நான் விடுப்பில் போனேன். திரும்பி வந்தால் சக ஊழியை கார்டை நீட்டி, “இது என்னடி ‘ந’? ‘நன்று’ன்னு நினைச்சேன்” என்றாள். நடுவில் அவர் இரண்டு நாள் புகைத்திருக்கிறார். மாத்திரை அளவைப் பற்றி அவளுக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த முறை அவரிடம் நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எழுதிக்கொள்ளச் சொன்னார். மருந்தின் பெயர், அளவு, மருத்துவரின் எண் எல்லாம் எழுதி அவரிடமே கொடுத்தேன். வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓலான்சபினுக்கு நான் போட்ட மில்லிகிராமைத் திருத்தினார்.

“சரி மேடம்,” என்று திருப்பிக் கொடுத்தார். “கவுத்து மட்டும் வைங்க.”