எங்கள் ஊர் ஸ்பீட் பிரேக்கர் சண்டை

போன அக்டோபர் 2 கிராம சபையில் நூறு நாள் வேலை, குடிநீர், தெருவிளக்கு எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி இரண்டு மணி நேரமும் ஸ்பீட் பிரேக்கர்தான். எடுத்தே ஆகவேண்டும் என்று ஒரு பக்கம், எடுக்கவே கூடாது என்று இன்னொரு பக்கம். எடுக்கக் கூடாது என்று தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தியவர்களில் நானும் ஒருத்தி. எடுக்கச் சொன்னவர்களில் முதல் ஆள் என் வீட்டுக்காரருடைய பெரியப்பா, நான் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர். அன்றைக்கு நான் அவரைப் பார்த்து "ஊர்ப் பிள்ளைங்க செத்தாலும் உங்களுக்குப் பரவாயில்லையா மாமா" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் டெல்டாவில், இரண்டு டவுனுக்கு நடுவே போகிற ரோட்டின் இரண்டு பக்கமும் இருக்கிற ஊர். வீடுகள் பெரும்பாலும் மேற்கே, பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் கிழக்கே. கொஞ்ச வருடம் முன்பு வரை அந்த ரோடு குண்டும் குழியுமாகத்தான் கிடந்தது, பஸ்ஸே ஊர்ந்துதான் வரும். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், உளுந்துச் செடியைப் பரப்பிப் போட்டால் வண்டிகள் ஏறி ஏறி உதிர்த்துக் கொடுத்துவிட்டுப் போகும். அப்புறம் ரோட்டை அகலப்படுத்தி, வழவழவென்று தார் போட்டு, நடுவில் வெள்ளைக் கோடும் போட்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். ஊருக்குள் வரும்போது மட்டும் வேகம் குறைய ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. வயல்வெளியில் பறந்து வருகிற கார் அதே வேகத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போனது.

60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் போய்விடும். டீக்கடைக்கு நேராக வரும்போது டிரைவர் ஒரு குழந்தையைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர் கால் பிரேக்குக்குப் போவதற்குள் வண்டி ரேஷன் கடையைத் தாண்டியிருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு நிற்பதற்கு நாலு மடங்கு தூரம் வேண்டும். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது, பயம் மட்டும் தெரியும். என் மகள் ஆறாவது, தினமும் காலையில் அந்த ரோட்டைத் தாண்டித்தான் போகிறாள்.

பயந்தது நடந்தது. எட்டாவது படிக்கிற பையன் ஒருவன், சைக்கிளில் பள்ளிக்கூடச் சந்துக்குத் திரும்பும்போது கார் அடித்துவிட்டது. தொடை எலும்பு முறிந்தது. பிழைத்துவிட்டான், ஆனால் இன்றைக்கும் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான். அன்று சாயங்காலமே மறியல். நானும் போய் உட்கார்ந்தேன். தாசில்தார் வந்தார், போலீஸ் வந்தது, பேச்சுவார்த்தை நடந்தது, இரண்டே நாளில் ஸ்பீட் பிரேக்கர் வந்துவிட்டது. ஒன்று கேட்ட இடத்தில் மூன்று. பக்கத்தில் எங்கோ ரோடு வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் மிச்சமிருந்த ஜல்லியையும் தாரையும் கொண்டுவந்து இருட்டுகிற நேரத்தில் கொட்டி, உருளையை விட்டு அமுக்கிவிட்டுப் போனார்கள். ஜெயித்துவிட்டோம் என்று அன்றைக்கு டீக்கடையில் எல்லோருக்கும் டீ.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. முதல் வாரமே பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ராத்திரியில் மனைவியையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு பைக்கில் வந்தார். மேட்டில் பெயிண்டும் இல்லை, முன்னால் ஒரு பலகையும் இல்லை, லைட்டும் இல்லை. ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்த அந்தப் பெண் தூக்கி எறியப்பட்டு விழுந்தாள். குழந்தையை விடாமல் மார்போடு பிடித்துக்கொண்டதில் அவள் முழங்கை நொறுங்கியது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தம்பி, கர்ப்பிணிகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகும்போது மூன்று இடத்திலும் இறங்கி நடக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றான். வைக்கோல் லோடு டிராக்டர் இரண்டு தடவை சாய்ந்தது. பால்காரர் கேன் மூடியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போகிறார். 108 வண்டிகூட அந்த மேட்டில் நின்று நின்றுதான் ஏறிப் போகவேண்டும்.

இதை எல்லாம் கேட்டும் நான் அசையவில்லை. கொஞ்சம் கஷ்டப்பட்டால்தான் என்ன, பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களே என்பதுதான் என் பேச்சு. எதிர்க்கிறவர்கள் எல்லாம் சுயநலக்காரர்கள் என்று மனதுக்குள் முத்திரை குத்திவிட்டேன். பிரிட்டனில், வேல்ஸ் நாட்டின் தலைநகர் கார்டிஃபில் வேலை பார்க்கிற என் தம்பியிடம் போனில் புலம்பியபோது அவன் அவனுடைய ஊர்க் கதையைச் சொன்னான். 2023 செப்டம்பரில் வேல்ஸ் முழுக்க, வீடுகள் இருக்கிற தெருக்களில் வேக வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைத்தார்கள், நம் கணக்கில் 32 கிலோமீட்டர். அதை எதிர்த்து 4 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்களாம், அந்த நாட்டு மொத்த ஜனத்தொகையே சுமார் 31 லட்சம்தான். அடிபடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று அப்புறம் அரசுக் கணக்கு சொன்னது. ஆனாலும் எங்கெங்கே பழைய வேகம் இருக்கலாம் என்று உள்ளூர் ஆட்களைக் கேட்டு மறுபடி பார்க்கச் சொல்லி, 2024இல் அரசே இறங்கி வந்தது. "கேட்காம செஞ்சா நல்லதைக்கூட ஜனங்க எதிர்ப்பாங்க அக்கா" என்றான். எங்கள் ஊரிலும் யாரையும் கேட்கவில்லை. மறியலில் உட்கார்ந்த நாங்கள் கத்தினோம், அவர்கள் கொட்டிவிட்டுப் போனார்கள். யார் வீட்டு வாசலில் என்று நாங்களும் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை.

நடு மேடு பெரிய மாமா வீட்டு வாசலுக்கு நேராக இருக்கிறது. சரி, வண்டி மெதுவாகப் போனால் அவருக்கு நல்லதுதானே என்று நினைத்திருந்தேன். கிராம சபை முடிந்து மூன்று வாரம் கழித்துப் பெரிய அத்தைக்குக் காய்ச்சல், துணைக்குப் படுக்கப் போனேன். பத்தரை மணிக்கு மேல் எம்-சாண்டு ஏற்றிய டிப்பர்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் மேட்டுக்கு முன்னால் பிரேக் அடிக்கிற சீறல், முன் சக்கரம் இறங்கும்போது ஒரு இடி, பின் சக்கரம் இறங்கும்போது அதைவிடப் பெரிய இடி, பின்கதவு தகரம் டமார் என்று அடித்துக்கொள்வது, அப்புறம் கியர் மாற்றி இரைந்துகொண்டு ஏறிப் போவது. ஜன்னல் கம்பி நடுங்குகிறது, கட்டில் நடுங்குகிறது. காலி வண்டி திரும்பி வந்தால் சத்தம் இன்னும் மோசம். ஒன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். மாமா திண்ணையில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தினமும் இப்படித்தான், விடியற்காலம்தான் கண் அசரும் என்றார். அவருக்கு 74 வயது. மண் சுவரும் நாட்டு ஓடும் போட்ட வீடு, நிலைக்கு மேலே ஒரு விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கிறது. ஓடு சரிந்து இரண்டு தடவை எடுத்துப் போட்டிருக்கிறார். எட்டு மாதமாக இதோடு குடித்தனம் நடத்துகிற மனுஷரைத்தான் நான் ஊர் முன்னால் அந்தக் கேள்வி கேட்டேன். அந்தத் திண்ணையிலேயே மன்னிப்புக் கேட்டேன். "போம்மா, உன் புள்ள போற வழி, உனக்குப் பதறாதா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் என் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய், வீட்டுக்காரரை இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு அந்த மேட்டை அளந்தேன். அகலம் 80 சென்டிமீட்டர், உயரம் 17. சரியான அளவு என்ன என்று தேடிப் பார்த்தேன். ரோடுகளுக்கு அளவும் தரமும் வகுக்கிற இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி, பொதுவாகப் போடுகிற வேகத்தடை வண்டி போகிற திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கவேண்டும். 1970களில் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் சோதித்துப் பார்த்த வடிவமும் ஏறக்குறைய இதே அளவுதான். மெல்ல ஏறி மெல்ல இறங்குகிற மேடு அது, 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உடம்புக்கு ஒன்றும் தெரியாது, அதற்கு மேல் போனால் தூக்கிப் போடும். அதாவது வேகமாக வருகிறவனுக்குத்தான் அடி. எங்கள் ஊர் மேடு இதற்கு நேர் எதிர். குறுகலாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் மெதுவாகப் போகிற மொபெட்டும், சைக்கிளும், ஆட்டோவும்தான் இடுப்பு ஒடிகிற அடி வாங்குகின்றன. வேகமாக வருகிற பெரிய காரில் ஸ்பிரிங்கே பாதி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது, உள்ளே ஏசியில் இருப்பவருக்கு ஒரு சின்னக் குலுக்கலோடு போய்விடுகிறது. யாரைத் தடுக்கப் போட்டோமோ அவர்களை அது தடுக்கவே இல்லை.

பெயிண்ட், எச்சரிக்கைப் பலகை, ராத்திரியில் ஒளிருகிற வில்லைகள் எல்லாம் சேர்ந்ததுதான் வேகத்தடை. அவை இல்லாத மேடு ரோட்டில் கிடக்கிற கல் மாதிரி. 2015இல் மட்டும் நாடு முழுக்க ஸ்பீட் பிரேக்கரால் நடந்த விபத்துகளில் 3,409 பேர் இறந்ததாக மத்திய அரசின் சாலை விபத்துக் கணக்கு சொல்கிறது. தேசிய நெடுஞ்சாலைகளில் இருக்கிற ஸ்பீட் பிரேக்கர்களை எடுக்கச் சொல்லி அடுத்த வருடம் மத்திய அரசே உத்தரவு போட்டது. இதைப் படித்தபோது அந்த முழங்கை நொறுங்கிய பெண்தான் கண்ணில் நின்றாள்.

அப்படியானால் எடுத்துவிடலாமா என்றால், அதற்கு நான் இன்னும் சம்மதிக்க மாட்டேன். 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 பேர் இறந்திருக்கிறார்கள். அந்த வருடம் நாடு முழுக்க நடந்த சாலை மரணங்களில் பத்தில் ஏழு அதிவேகத்தால் வந்தது. நவம்பரில் ஒரு ராத்திரி யாரோ கடப்பாரையால் நடு மேட்டைப் பாதி பெயர்த்துவிட்டார்கள். யார் என்று ஊருக்குத் தெரியும், நான் அதை இங்கே எழுதப் போவதில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் பைக்குகள் எல்லாம் பெயர்ந்த பக்கம் ஒதுங்கி, பிள்ளைகள் நடந்து போகிற ஓரத்தில் ஏறி வருகின்றன. பாதி மேடு முழு மேட்டைவிட ஆபத்து. அதைப் பார்த்த பிறகு எடு என்று சொன்னவர்களிலேயே சிலர் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

இப்போது இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். எழுதுவதற்கே நாலு சாயங்காலம் ஆனது, மூன்று தடவை சண்டை வந்தது. மூன்று மேட்டையும் எடுத்துவிட்டு, விதிப்படி அளவெடுத்து ஒன்றே ஒன்று, பள்ளிக்கூட மதில் ஓரமாக, வீடுகளே இல்லாத குளத்தங்கரைப் பக்கம். அதை மேல்பக்கம் தட்டையாக, நடந்து கடக்கிற மேடாகவே உயர்த்திப் போட்டால் பிள்ளைகள் அதன் மேலேயே கடந்து போகலாம். ஊர் ஆரம்பிக்கிற இரண்டு முனையிலும் வேகம் குறைக்கச் சொல்லும் பலகை, அங்கே கடகடவென்று சத்தம் வருகிற வெள்ளைப் பட்டைகள். வீடுகளுக்குப் பக்கத்தில் அந்தப் பட்டைகள் வேண்டாம் என்று தனியாக எழுதியிருக்கிறோம், ராத்திரியில் அதன் சத்தமும் தூங்க விடாது. மேட்டுக்கு நேராக ஒரு விளக்கு. ராத்திரி லோடு வண்டிகளைப் பற்றி ஒரு வரி. கிராம சபைத் தீர்மானம் மட்டும் போதாது, ரோடு ஊராட்சியுடையது கிடையாது, அதனால் ஆட்சியர் தலைமையில் இருக்கிற மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் ஒரு பிரதி. பள்ளிக்கூடத்துக்கும் பெரிய மாமா வீட்டுக்கும் ஆள் வந்து நேரில் பார்த்த பிறகுதான் இடம் முடிவு செய்யவேண்டும் என்பதை ஷேர் ஆட்டோ தம்பிதான் சேர்க்கச் சொன்னான்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு மறியல் நடந்தால், "உடனே போடு" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த அளவில், எந்த இடத்தில், பெயிண்டும் பலகையும் எப்போது என்று அந்தப் பேச்சுவார்த்தையிலேயே எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரை அதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். நாங்கள் இதைச் செய்யாமல் விட்டதால் அடிபட்ட பையனுடைய அம்மாவும் பெரிய மாமாவும் எட்டு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள்.

நேற்று ராத்திரி மனுவில் கையெழுத்து வாங்கினோம். முதல் கையெழுத்து அந்த அம்மாவுடையது, இரண்டாவது பெரிய மாமாவுடையது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறோம். தானும் வருவதாகச் சொன்ன மாமா, வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "அந்த டேப்பையும் எடுத்து வச்சுக்கம்மா" என்றார்.