வலது பின் ஜாக்

2026 ஏப்ரல் 4, சனி

மோட்டார்ஹோமை (வீட்டு வண்டியை) நிறுத்திய இடத்தில் மட்டமாகத் தாங்கும் நான்கு ஹைட்ராலிக் ஜாக்கில், வலது பின் ஜாக் உள்ளே ஏறவில்லை. நாலு அங்குலம் தொங்கிக்கொண்டு நிற்கிறது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு, விடாத பீப். சிலிண்டரின் இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்பிரிங் இருக்க வேண்டும். வெளிப்பக்கத்து ஸ்பிரிங் மேல் கொக்கி முறிந்து தரையில் கிடக்கிறது.

இந்த வகை ஜாக்கில் எண்ணெய் ஒரு வேலைதான் செய்யும்: ராடை, அதாவது சிலிண்டருக்குள்ளிருந்து நீளும் தண்டை, கீழே தள்ளும். மேலே இழுப்பது முழுக்க ஸ்பிரிங்தான். வால்வு திறந்ததும் ஸ்பிரிங் ராடை இழுக்க, எண்ணெய் டேங்குக்குத் திரும்பும். ஒன்று போனால் மற்றது தனியாக, அதுவும் கோணலாக இழுக்கிறது. ராடு ஒரு பக்கம் சாய்ந்து, எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீலில் உரசுகிறது. இப்படியே வைத்து ஏற்றி இறக்கினால் அடுத்து போவது சீல்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஸ்பிரிங் முறிந்தது கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக மற்றதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. ராடை உள்ளே ஏற்றும் பட்டனை அழுத்தினால், மின்சாரத்தால் வால்வைத் திறக்கும் அந்த ஜாக்கின் சாலினாய்டில் 'டிக்' கேட்க வேண்டும். கேட்டது. பட்டனைப் பிடித்தபடியே தனி ஃப்ளோர் ஜாக் ஒன்றை ராடின் பாதத்துக்கு அடியில் வைத்து மெதுவாகத் தள்ளினால், ராடு வழுக்கிக்கொண்டு மேலே போனது. ஆகவே ஹோஸ் நசுங்கவில்லை, வால்வு ஒட்டவில்லை, ராடு வளையவில்லை. தள்ளியும் போகாமல் நின்றிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது வால்வையும், சைலன்சர் பக்கம் போகும் ஹோஸையும்.

மேலே தள்ளியதும் பட்டனை விட்டு, ராட்செட் பெல்ட்டால் பாதத்தை ஃபிரேமோடு சேர்த்துக் கட்டியாயிற்று. கட்டாமல் ஓட்டினால் ரயில்வே தண்டவாள மேட்டில் ஜாக் அடியோடு பிய்ந்துவிடும்.

ஏப்ரல் 6, திங்கள்

பீப்.

ஏப்ரல் 7, செவ்வாய்

முறிந்த முகத்தை லென்ஸில் பார்த்தேன். மூன்றில் இரண்டு பங்கு கரும்பழுப்பு, மீதி பளிச்சென்று வெள்ளி. அதாவது விரிசல் இந்தச் சனிக்கிழமை வந்ததல்ல. குளிர்காலம் முழுக்க உள்ளே ஊர்ந்திருக்கிறது. வெள்ளியாக இருப்பது மட்டும்தான் கடைசியில் ஒரே நொடியில் விட்ட பகுதி.

இந்த ஸ்பிரிங் பெரும்பாலும் கொக்கி வளைவில்தான் போகும். சுற்றுகளில் கம்பிக்கு முறுக்கு விசை மட்டும். கொக்கியாகத் திரும்பும் இடத்தில் வளைவு விசையும் சேர்ந்துகொள்கிறது, அதுவும் வளைவின் உள்பக்கம் குவிகிறது. அங்கே ஒரு துருக்குழி விழுந்தால் போதும்.

துருவுக்கு மிச்சிகனில் பஞ்சமா? டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில் ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கமே ஓடுகிறது. பனி உருகச் சாலையில் தூவும் உப்பை விட, பனி விழுவதற்கு முன்பே தெளிக்கும் உப்புக் கரைசல் இன்னும் மோசம். திரவமாக இருப்பதால் சுற்றுக்குச் சுற்று நடுவில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். மூடிச் சுற்றிய ஸ்பிரிங் என்றால் அது காயவே காயாது.

முன் இடது ஜாக்கின் மேல் கொக்கியிலும் இதே நிறம்.

ஏப்ரல் 8, புதன்

ஆர்டருக்கு அளவு. முறிந்ததை அளக்கக் கூடாது, சோர்ந்ததையும் அப்படியே நம்பக் கூடாது. பழைய ஸ்பிரிங் இழுபட்டுச் சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருந்தால், அளவுநாடா காட்டுவது பிறந்த நீளம் அல்ல. சுற்றுகளை எண்ணி ஒன்று கூட்டி, கம்பித் தடிமனால் பெருக்கினால் சரியான உடல் நீளம் கிடைக்கும். இங்கே 60 சுற்று, 5 மி.மீ. கம்பி: 61 × 5 = 305 மி.மீ. வெளிவிட்டம் 38. கொக்கியின் உள்வளைவு முதல் மறு கொக்கியின் உள்வளைவு வரை தனியாக ஒரு அளவு. இரு கொக்கிகளும் ஒரே திசை பார்க்கின்றனவா, குறுக்காகத் திரும்பியிருக்கின்றனவா என்பதையும் குறிக்க வேண்டும்.

தடிமன்தான் உயிர். துருவின் மேல் காலிப்பர் வைத்தால் கூடுதலாகக் காட்டும், துரு தின்ற இடத்தில் வைத்தால் குறைவாகக் காட்டும். பெயின்ட் ஒட்டியிருக்கும் நடுச் சுற்றைச் சுரண்டி அங்கே அளப்பது நல்லது. ஸ்பிரிங்கின் பலம் கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 5 என்பதை 4.75 என்று வாங்கினால் குறைவது ஐந்து சதவீதம் அல்ல. பலத்தில் கிட்டத்தட்ட 19 சதவீதம் போய்விடும்.

துருப்பிடிக்காத எஃகில் வாங்கலாமே என்ற ஆசை வரும். அதே அளவில் அதன் பலம் சுமார் 13 சதவீதம் குறைவு. குளிரில் எண்ணெய் கெட்டியாகும்போது அந்தக் குறை தெரியும். மின்முலாம் பூசிய துத்தநாகமும் வேண்டாம்: முலாம் தொட்டியில் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகும், உடனே சூடாக்கி அதை வெளியேற்றாவிட்டால் கம்பி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பவுடர் கோட்டிங் போதும். ஜோடியாக ஆர்டர். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் மறுபடி கோணல் இழுப்புதான்.

ஏப்ரல் 10, வெள்ளி

பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதை நிறுத்த வேண்டும். மே 1 வரைதான் வண்டியை நிறுத்த இந்த இடம்.

ஏப்ரல் 11, சனி

அடியில் நுழைவதற்கான ஏற்பாடு மட்டும். வண்டி ஃபோர்டு எஃப்-53 சாசி (அடிச்சட்டம்), மொத்த எடை அளவு 22,000 பவுண்டு. சஸ்பென்ஷன் இலைப்பட்டை (லீஃப் ஸ்பிரிங்) என்பதால் நின்ற உயரத்திலேயே நிற்கும். காற்றுப் பை சஸ்பென்ஷன் என்றால் கதையே வேறு. காற்று இறங்கினால் வண்டி நம் மேல் இறங்கும்.

எதுவானாலும் ஜாக்கில் தூக்கி நிறுத்திவிட்டு அதற்கு அடியில் படுக்கவே கூடாது. ஒரு ஹோஸ் வெடித்தால் முடிந்தது. எல்லாச் சக்கரமும் பலகை அடுக்கின் மேல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, ஃபிரேமின் நீளச் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு. பலகைக்கு இன்னொரு பலன்: ஜாக் தரையைத் தொடாமல் ஆறு அங்குலம் இறங்க இடம் கிடைக்கும். இந்த வேலையில் வண்டியைத் தூக்கவே தேவையில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

வந்துவிட்டது! கம்பி 5.0. கொக்கி வளைவில் கருவித் தழும்பு இல்லை.

விசைக் கணக்கு. இந்த அளவு ஸ்பிரிங் ஒரு மி.மீ. நீள சுமார் 0.29 கிலோ விசை கேட்கும். ராடு முழுக்க உள்ளே இருக்கும்போதே ஸ்பிரிங் 35 மி.மீ. இழுபட்டு நிற்கும்: 10 கிலோ, சுற்றும்போதே ஏற்றிய ஆரம்ப இழுவிசை தனி. 14 அங்குலம் முழுக்க இறங்கினால் 390 மி.மீ., அதாவது 113 கிலோ. அந்த நிலையில் கொக்கியை நெம்புகோல் வைத்து நெம்புபவர்கள் இருக்கிறார்கள். பல்லோ விரலோ போகும்.

கழற்றுவது ராடு உள்ளே இருக்கும்போது. அப்போதும் அந்த 35 மி.மீ. இழுப்பைப் போக்கியாக வேண்டும், கொக்கி தாண்ட இன்னும் 20. மொத்தம் 55. கைபலம் வேண்டாம், வாஷர் போதும். ஜாக்கை ஆறு அங்குலம் இறக்கினால் ஒவ்வொரு சுற்றுக்கு நடுவிலும் 3 மி.மீ. இடைவெளி திறக்கும். 2 மி.மீ. வாஷர் 30 செருகினால் 60 மி.மீ. ஜாக்கை ஏற்றியதும் ஸ்பிரிங் சுருங்க முடியாமல் தொளதொளவென்று தொங்கும்.

பழைய கைகள் இதற்கு ஒரு சென்ட் நாணயம் போடுவார்கள். தடிமன் 1.52 மி.மீ. என்பதால் 40 வேண்டும். அதைப் புழக்கத்துக்கு அடிப்பதையே 2025 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். மளிகைக் கடையை விட இந்தத் தொழிலுக்குத்தான் நஷ்டம். ஆனாலும் வாஷரே மேல். நடு ஓட்டை வழியாகக் கம்பி கோத்துக் கட்டிவிடலாம், தெறித்தாலும் முகத்துக்கு வராது.

ஏப்ரல் 15, புதன்

மழை. கார்ட்போர்டு நனைந்துவிட்டது.

ஏப்ரல் 16, வியாழன்

உள்பக்கப் பழைய ஸ்பிரிங் முதலில். வாஷரை ஒரே பக்கம் செருகினால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து எல்லாவற்றையும் துப்பிவிடும். ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம். இடுக்கியால்தான், விரலால் இல்லை. கனமான ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு பட்டனை அழுத்தினால், ராடு தயங்கித் தயங்கி ஏறியது. கடைசி இரண்டு அங்குலத்துக்கு ஃப்ளோர் ஜாக் உதவி. கொக்கி கையோடு வந்தது.

இரண்டும் போனபின் ராடு தன் எடையிலேயே கீழே நழுவப் பார்க்கும். ஃப்ளோர் ஜாக்கைப் பாதத்துக்கு அடியில் அப்படியே விட்டுவைக்க வேண்டும். ராடு முழுக்க உள்ளே இல்லாவிட்டால் புது ஸ்பிரிங் எட்டவே எட்டாது. 'தப்பான அளவு அனுப்பிவிட்டார்கள்' என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் நடந்திருக்கும்.

புதியதை வண்டியிலேயே இழுக்காமல் வெளியே இழுப்பது நல்லது. ஒரு முனை வைஸில், மறுமுனை கை வின்ச்சில். 19 செ.மீ. இழுக்க 55 கிலோவுக்கு மேல் பிடிக்கும். நேர்கோட்டில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று வாஷர் செருகி, வின்ச்சை மெதுவாகத் தளர்த்தினால் நீண்ட நிலையிலேயே நிற்கும் ஸ்பிரிங் கையில். இரு கொக்கியும் விரலால் மாட்டியாயிற்று. திறந்த வாய் சிலிண்டரை விட்டு வெளிப்பக்கம் பார்க்க, அடுத்த முறை கழற்றுபவருக்கு வசதி.

மாட்டுவதற்கு முன் கொக்கி உட்காரும் பின்னைப் பார்க்க வேண்டும். பழைய கொக்கி அதில் பள்ளம் வெட்டியிருந்தது. அரத்தால் விளிம்பை மழுக்கி, துளி கிரீஸ். கூர்மையான பள்ளத்தில் புதுக் கொக்கியை உட்கார வைத்தால் அடுத்த விரிசலுக்கு நாமே இடம் போட்டுக் கொடுத்த மாதிரி.

பிறகு ஜாக்கை ஆறு அங்குலத்துக்கு மேல் இறக்கியதும் வாஷர் தளர்ந்து கம்பியோடு சரம் சரமாக விழுந்தது. 60-ஐயும் எண்ணி எடுத்தாக வேண்டும். ஒன்று உள்ளே மாட்டியிருந்தால் ராடு கடைசி அரை அங்குலம் ஏறாது, பீப்பும் நிற்காது.

நின்றுவிட்டது.

ஏப்ரல் 17, வெள்ளி

எல்லா ஜாக்கும் உள்ளே இருக்கும்போதுதான் எண்ணெய் அளவு பார்க்க வேண்டும். இறங்கியிருக்கும்போது நிரப்பினால் ஏறும்போது டேங்க் வழியும். கால் லிட்டர் டெக்ஸ்ரான் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்) பிடித்தது. பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் அத்தனையும் ஊதிப்போகும்.

ராடைத் துணியால் துடைத்து சிலிகான் ஸ்ப்ரே. வயர் பிரஷ் ஸ்பிரிங்குக்கும் பிராக்கெட்டுக்கும் மட்டும். குரோம் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அது சீலை அறுக்கும். ஸ்பிரிங்குக்கு லானொலின் கலந்த துருத்தடுப்பான், அதுவும் ஜாக்கை இறக்கிவைத்து, சுற்றுகள் திறந்திருக்கும்போது. மூடியிருக்கும்போது அடிப்பது வெளிப்பூச்சு மட்டும்தான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலை வெப்பம் 3 டிகிரி. நான்கையும் ஒரே அளவு இறக்கி, தனித்தனியாக ஏற்றி நேரம் பார்த்தது. வலது பின் 40 நொடி. இடது பின் 55. வலது முன் 60. முன் இடது 140 நொடி, ஏறும்போது உள்பக்கமாகச் சாய்கிறது. குளிரில் எண்ணெய் கெட்டியானதுதான் காரணம் என்றால் நான்கும் சேர்ந்து தாமதிக்க வேண்டும்.

கொக்கியைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் வளைவின் உள்பக்கம் மயிர்க்கோடு மாதிரி ஒன்று. துருக்கோடா விரிசலா தெரியவில்லை. விரிசல் சாயம் தெளித்துப் பார்க்க வேண்டும். அதுவரை இந்த ஜாக்கை இறக்குவதில்லை, பெல்ட் கட்டியே இருக்கும். இன்னொரு ஜோடி, அதே அளவு, திங்கள் காலை ஆர்டர்.