அம்மாவுக்குப் பிறகு தம்பி யாரிடம்?

பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள அடுக்குமாடி வீட்டில் அம்மாவும் தம்பியும் மட்டும்தான். அவனுக்கு 36 வயது, அறிவுசார் குறைபாடு. அம்மாவுக்கு 70 தாண்டிவிட்டது. போன மாதம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்த நேரம் முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறான், ஆனால் யாரையும் கூப்பிடத் தெரியவில்லை.

அவனிடம் ஓகேயு எனும் மாற்றுத்திறனாளி அட்டை இருக்கிறது. பகலில் பிடிகே எனும் சமூக மறுவாழ்வு மையத்துக்குப் போகிறான், அங்கே அவனுக்கு நண்பர்களும் உண்டு. சரி, சாயங்காலத்துக்கு மேல்? இரவுக்கு? 2008-இல் மலேசியாவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது, ஆனால் மீறினால் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. பெரியவர்களான இந்தப் பிள்ளைகளுக்கு நாலைந்து பேராகச் சேர்ந்து, உதவியாளரோடு சாதாரண வீட்டில் வாழும் ஏற்பாடு தேவை, அது நம் நாட்டில் மிகக் குறைவு.

அப்பா இறந்தபின் வரும் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) ஓய்வூதியத்தில் இவன் பங்கு 21 வயதோடு நிற்காது, சுயமாகச் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு அது தொடரும். இது தெரியாமலே விட்டுவிடும் குடும்பங்கள் இருக்கின்றன, தயவுசெய்து போய்க் கேளுங்கள்.

இப்போது சனிக்கிழமை இரவுகளில் அவனைப் பட்டர்வொர்த்தில் என் வீட்டில் தங்க வைக்கிறேன். எந்த மருந்து எப்போது, எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், மைலோவை எந்தக் கோப்பையில் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதுகிறேன். முதல் இரவு அவன் தூங்கவே இல்லை. மூன்றாவது வாரம், தன் தலையணையைத் தானே எடுத்துக்கொண்டு வந்தான்.